அதிகாரத்துக்கு அடங்குதல் விசுவாசமாகுமா?

(மூன்றாம் வருடம், கலைப்பீடம்)

ஆண்டவரில் நம்பிக்கை வை என்பதும் அதிகாரத்துக்கு அடங்கி நட என்பதும் எமது தேவாலயங்களிலும் செபக் கூட்டங்களிலும் ஒரே மூச்சிற் சொல்லப்படுகின்றன. கேட்டுப் பழகிய காதுக்கு அவை ஒரே போதனையின் இரு பாதிகள் போலவே ஒலிக்கும். கடவுள் அனைத்தையும் ஆள்கின்றார். ஆகவே ஆள்வோர் அனைவரும் அவரால் அமர்த்தப்பட்டோர். ஆகவே அவர்களை எதிர்ப்பவன் கடவுளை எதிர்க்கின்றான், அவர்களுக்கு அடங்குபவன் கடவுளை நம்புகின்றான். இதுவே அப்போதனையின் தருக்கம். இத்தருக்கம் பிழையானது, வேதநூலிலிருந்து பிறந்ததன்று, அச்சத்திலிருந்து பிறந்தது, வரலாறு நெடுகிலும் இதனால் இலாபமடைந்தோர் விசுவாசிகளல்லர், ஆட்சியாளரே. இக்கட்டுரையிற் கூற விரும்புவது இதுவே.

கிறிஸ்தவர்களின் வீட்டு வழக்கு எமக்கெதற்கு எனச் சைவ நண்பர்கள் இப்பக்கங்களைப் புரட்டிவிட வேண்டாம். விதி, வினை, தலையெழுத்து என்னும் பெயர்களில் இதே சரக்கு வேறு கடைகளிலும் விற்கப்படுவதை அவர்கள் நன்கறிவர். பல்லவ மன்னனின் அழைப்பாணையைத் தூக்கியெறிந்த நாவுக்கரசரைத் தொழுதுகொண்டே கிராமசேவகர் முன்னிலையிற் கூனிக்குறுகி நிற்கும் பண்பாடு எமது பொதுச்சொத்து.

அடங்கிப்போதலைப் போதிப்போர் ஆதாரமாகக் காட்டுவது பவுலடியார் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரம். மேலான அதிகாரங்களுக்கு அமைந்து நடக்குமாறும், அதிகாரமனைத்தும் கடவுளிடமிருந்தே வருவதென்றும், ஆள்வோனுக்கு வரியும் மரியாதையும் செலுத்துமாறும் அங்குக் கூறப்படுகின்றது. ஏறத்தாழ ஏழு வசனங்கள். உலகில் எழுதப்பட்ட எந்த ஏழு வசனங்களும் இத்தனை கொடுங்கோலருக்கு இத்துணை பயன்பட்டிரா. எனவே அவற்றைச் சற்று நிதானித்து நோக்குதல் வேண்டும்.

நிருபம் எழுதப்பட்டது கி.பி. 57 அளவில். நீரோ அரசுகட்டிலேறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. உரோமாபுரி எரிந்ததும் கிறிஸ்தவர் மேற் பழி சுமத்தப்பட்டதும் 64 இல் நிகழ்ந்தவை. அதற்கு முன்னர், 49 அளவில், கிளோதியு இராயன் யூதரை உரோமாபுரியிலிருந்து வெளியேற்றியிருந்தான். திரும்பிவந்து சிறுசிறு வீடுகளிற் கூடி வழிபட்ட ஒரு சிறுபான்மைக் கூட்டம், வரிச்சுமையால் மக்கள் குமுறிக்கொண்டிருந்த நகரில், அடுத்த கலகத்தின் பழியைத் தன் தலையில் ஏற்கும் நிலையில் இருந்தது. அக்கூட்டத்துக்கு ஒரு போதகர் எழுதிய புத்திமதி அது. எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் எழுதப்பட்ட அரசறிவியற் பாடநூலன்று.

மேலும், அதிகாரப் பிரிப்புகள் பவுலடியார் இட்டவையல்ல. பிற்காலத்தார் வாசிப்பு வசதிக்காக இட்டவை. பன்னிரண்டாம் அதிகாரத்தின் இறுதியிற் பழிவாங்காதீர், தீமையை நன்மையால் வெல்லுங்கள் என்கிறார். பதின்மூன்றின் எட்டாம் வசனத்தில், அன்பைத் தவிர வேறெந்தக் கடனும் எவர்க்கும் படாதீர் என்கிறார். இவ்விரண்டுக்கும் இடையிற் கிடப்பதே ஆள்வோர் பற்றிய பகுதி. முன்னும் பின்னும் அன்பை வைத்து நடுவில் எழுதப்பட்டதை முன்னும் பின்னும் வெட்டியெடுத்து அரச கட்டளையாக்கியமை பிரசங்கிகளின் கைவண்ணம். ஆள்வோன் உன் நன்மைக்காகக் கடவுளின் ஊழியனாய் இருக்கின்றான் என்னும் வாக்கியம் ஆள்வோனுக்குச் சூட்டிய மகுடமாகவே படிக்கப்படுகின்றது. ஊழியன் என்றால் வேலைக்காரன். வேலைக்காரனுக்கு எசமான் உண்டு, வேலையும் குறிக்கப்பட்டுள்ளது, கணக்கும் கேட்கப்படும். தன்னைத் தேவனாகக் கும்பிடச் சொன்ன இராயர் மரபிலே வந்த ஒருவனை வேலைக்காரன் என்றழைத்தது அடக்கமான பேச்சன்று.

அமைந்து நடத்தல் என்பதற்கு அங்கு வழங்கும் கிரேக்க வினை ஓர் ஒழுங்கினுள்ளே தன் இடத்தை ஏற்று நிற்றலைக் குறிப்பது. பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டுமென வேறோர் நிருபத்திற் கூறுமிடத்து வரும் வினை இதுவன்று எனக் காட்டுவாருளர். இவ்வேறுபாட்டை அளவுக்கு மீறி இழுத்தல் தகாது. ஒரு சொல்லின் அடியிற் புகுந்து தப்பித்துக்கொள்வதினும், எழுதியவர் எவ்வாறு வாழ்ந்தார் என நோக்குதல் மேல்.

அவர் எவ்வாறு வாழ்ந்தார்? தமஸ்கு நகரில் அரேத்தா மன்னனின் அதிகாரி தம்மைப் பிடிக்கக் காவலிட்டபோது, கூடையொன்றிலே மதிலிலிருந்து இறக்கப்பட்டுத் தப்பியோடியதாக அவரே கொரிந்தியருக்கு எழுதுகின்றார். அதிகாரமனைத்தும் கடவுளிடமிருந்து வருவதென்று எழுதிய அதே கை அக்கூடையின் கயிற்றைப் பற்றியிருந்தது! பிலிப்பி பட்டணத்தில் அவரும் சீலாவும் விசாரணையின்றி அடிக்கப்பட்டுச் சிறையிடப்பட்டனர். மறுநாள் அதிகாரிகள் இரகசியமாகப் போய்விடுமாறு ஆளனுப்பினர். எமது செபக்கூட்டத்தாராயின் ஆண்டவருக்கு நன்றி கூறி வீடு திரும்பியிருப்பர். பவுலடியார் போகவில்லை. உரோமைக் குடியுரிமை பெற்றோரை விசாரியாது வெளிப்படையாக அடித்துவிட்டு ஒளிவாக அனுப்புவதோ, அவர்களே வந்து எம்மை வெளியே அழைத்துச் செல்லட்டும் என்று சிறையிலேயே இருந்தார். அதிகாரிகள் அஞ்சி நேரில் வந்து வேண்டிக்கொண்டனர் என்கின்றது அப்போஸ்தலர் நடபடிகள். ஆளுவோரின் சட்டத்தை ஆளுவோர் முகத்திற்கே பிடித்துக் காட்டிய இச்செயலுக்கு எந்த ஞாயிறும் ஒரு பிரசங்கம் ஒதுக்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. இறுதியில் அவர் நீரோவின் காலத்தில் உரோமையிற் சிரச்சேதம் செய்யப்பட்டார் என்பது திருச்சபை மரபு. அடங்கிக் கிடந்தவனுக்கு அம்மரணம் வாய்ப்பதில்லை.

இன்னொன்றும் குறிப்பிடல் வேண்டும். அதே புதிய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலிலும் ஒரு பதின்மூன்றாம் அதிகாரம் உண்டு. அங்கே பேரரசு கடலிலிருந்து எழும் கொடிய மிருகமாகக் காட்சியளிக்கின்றது. அதனை வணங்க மறுப்போரே பரிசுத்தவான்கள். ஒரே தொகுப்பிலே இரு பதின்மூன்றுகள் இருக்க, ஒன்றையே ஓயாது ஓதி மற்றையதை உலக முடிவுக்கென்று பெட்டியில் வைத்துப் பூட்டியது ஏன்? ஆட்சி ஊழியனாகவும் இருக்கலாம், மிருகமாகவும் மாறலாம் என்பதை விசுவாசி பகுத்துணர வேண்டும் என்பதற்கே இரண்டும் ஒருங்கே தரப்பட்டன எனல் பொருந்தும்.

இனி, நம்பிக்கை என்பது யாது? தானியேலின் புத்தகத்திற் பாபிலோன் அரசன் பொற்சிலை ஒன்றை நிறுத்தி வணங்கப் பணிக்கின்றான். சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்னும் மூன்று இளைஞர் மறுக்கின்றனர். அவர்கள் கூலிவேலை பார்த்தவர்களல்லர், அரசாங்க உத்தியோகத்தர். எரிகின்ற சூளை காத்திருக்கின்றது. எமது கடவுள் எம்மைத் தப்புவிக்க வல்லவர். தப்புவிக்காவிடினும் உமது சிலையை யாம் வணங்கோம் என்பது அவர்தம் மறுமொழியின் சாரம். இரண்டாவது பாதியிலேதான் நம்பிக்கை நிற்கின்றது. கடவுள் காப்பாற்றுவார், ஆகையால் துணிந்தோம் என்றால் அது வியாபாரம். காப்பாற்றினாலும் காப்பாற்றாவிட்டாலும் செய்யத்தக்கது இது என்பதே விசுவாசம். நீற்றறையிலே ஏழு நாள் அடைக்கப்பட்ட நாவுக்கரசரின் கதையை அறிந்த எவருக்கும் இவ்விளைஞரை அறிமுகஞ் செய்யத் தேவையில்லை. இரு கதைகளிலும் தெய்வ நம்பிக்கையே அரசாணையை மீறும் துணிவைத் தந்தது. அடங்குவதற்கு நம்பிக்கை எதற்கு? அடங்குவதற்குப் பயம் போதுமே.

ஆண்டவரிடம் விட்டுவிட்டோம் என்பது உண்மையில் எதையும் எவரிடமும் கொடாத ஒரு கூற்று. இயேசுவை ஆலயத்தின் உச்சியிலே நிறுத்தி, குதித்துவிடு, தூதர் தாங்குவர் என்று சங்கீத வசனங்காட்டிச் சொன்னவன் சாத்தான். தான் செய்ய வேண்டியதைச் செய்யாது கடவுள் பார்த்துக்கொள்வார் என்பதற்கும் அதற்கும் வேறுபாடு மிகச் சிறிது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு அடங்கினார் என்பர். ஆம், தந்தைக்கு அடங்கினார், பிலாத்துவுக்கு அடங்கவில்லை. அவன் வினாக்கள் சிலவற்றுக்கு மறுமொழி கூடத் தரவில்லை. மேலிருந்து தரப்பட்டாலன்றி உனக்கு அதிகாரமில்லை என்று அவனிடம் அவர் கூறியதை அதிகாரத்துக்கு நற்சாட்சிப் பத்திரமாகப் படிப்பவர்கள், அதே வாக்கியத்தின் தொடர்ச்சியிலே தம்மை ஒப்புக்கொடுத்தவனுக்கு அதிக பாவமுண்டு எனக் கூறியதை மறந்துவிடுகின்றனர். ஒருவனுக்கு அதிகமென்றால் மற்றவனுக்கும் பாவமுண்டு என்பதன்றோ பொருள்?

இப்போதனை வரலாற்றில் என்ன செய்தது? 1525 இல் ஜேர்மனியிலே குடியானவர் கிளர்ந்தபோது, பாப்பரசரின் அதிகாரத்தை எரித்துக்காட்டிய மாட்டின் லூதர், அவர்களை வெட்டி வீழ்த்துமாறு பிரபுக்களைத் தூண்டிச் சிறுநூல் எழுதினார். உரோமர் 13 அதில் வாளாயிற்று. நானூறு ஆண்டுகளின் பின் அம்மண்ணிலேயே அறுவடை வந்தது. 1933 சனவரி 30 இல் ஹிற்லர் அரசாங்கத் தலைவனானான். அவ்வாண்டு யூலையிலே நடந்த திருச்சபைத் தேர்தலில் 'ஜேர்மன் கிறிஸ்தவர்' எனத் தம்மை அழைத்துக்கொண்ட நாசி ஆதரவாளர் பெருவெற்றி பெற்றனர். யூதக் குருதியுடைய போதகரை விலக்கும் விதி சபைக்குள் நுழைந்தது. துப்பாக்கி முனையில் அன்று, வாக்கெடுப்பினால்.

1934 மே மாதத்தின் இறுதி மூன்று நாட்களிற் பார்மன் நகரிற் கூடியவர்கள் கார்ல் பார்த் முதன்மையாக வரைந்த அறிக்கையை வெளியிட்டனர். திருச்சபை கேட்கவும் நம்பவும் கீழ்ப்படியவும் வேண்டிய வார்த்தை கிறிஸ்து ஒருவரே என்பது அதன் கருத்து. அரசுக்கு ஒரு பணி உண்டு என அதன் ஐந்தாம் பிரிவு ஏற்றுக்கொண்டது. மனித வாழ்வு முழுவதற்கும் ஒரே ஒழுங்காக அரசு ஆக முயல்வதை மறுத்தது. இரு கிழமைகளுக்குள் அன்ஸ்பாக் என்னுமிடத்திலிருந்து மறுப்பு வந்தது. எழுதியோர் சாமானியரல்லர், அல்தவுஸ், ஏலெர்ட் ஆகிய புகழ்பெற்ற இறையியற் பேராசிரியர் அதில் இருந்தனர். குடும்பம், இனம், குருதி என்பவற்றிலும் கடவுளின் கட்டளை வெளிப்படுகின்றதென்றும், இத்தலைவனைத் தந்தமைக்காகக் கடவுளுக்கு நன்றி என்றும் அவர்கள் எழுதினர். படிப்பு ஒருவனைக் காப்பாற்றும் என்று நம்பும் எம்போன்ற பல்கலைக்கழக மாணவர் அப்பேராசிரியர்களின் பெயர்களை நினைவில் வைத்திருத்தல் நலம். நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணஞ் செய்ய மறுத்த பார்த், பொன் பல்கலைக்கழகப் பதவியை இழந்து 1935 இல் சுவிற்சர்லாந்து திரும்பினார்.

1938 ஏப்ரலில், ஹிற்லரின் பிறந்தநாளையொட்டி, போதகர்கள் அனைவரும் அவனுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டுமெனச் சபை நிருவாகம் பணித்தது. பெரும்பான்மையோர் எடுத்தனர். சில மாதங்களின் பின் நாசிக் கட்சியின் போர்மான் வெளியிட்ட சுற்றறிக்கையோ, அப்பிரமாணம் சபையின் உள்விவகாரம், கட்சிக்கோ அரசுக்கோ அதில் அக்கறையில்லை என்றது. எசமான் கேளாத கும்பிட்டை முந்திச்சென்று போட்ட இந்நிகழ்ச்சியினும் பரிதாபமானது சபை வரலாற்றில் அரிது.

டீற்றிச் பொன்ஹோபரை இன்று எல்லாச் சபைகளும் கொண்டாடுகின்றன. 1933 ஏப்ரலிலேயே அவர் எழுதினார்: அரசின் சக்கரத்தில் நசிந்தோருக்குக் கட்டுப்போடுவது மட்டும் சபையின் பணியன்று, வேண்டின் சக்கரத்தையே தடுத்து நிறுத்தலும் பணியாகும். 1939 இல் நியூயோர்க்கிலே பாதுகாப்பாயிருந்தவர் சில வாரங்களிலே நாடு திரும்பினார். 1943 ஏப்ரல் 5 இற் கைதாகி, 1945 ஏப்ரல் 9 இல் புளொசன்பேர்க் முகாமிலே தூக்கிலிடப்பட்டார். வயது 39. ஆனால் அவரைக் கொண்டாடுவோர் மறைப்பதொன்று உண்டு. எதிர்த்து நின்ற சபையினருள்ளும் பெரும்பாலோர் சபையின் சுதந்திரத்துக்காகவே போராடினர், யூதருக்காகவன்று. பார்மன் அறிக்கையில் யூதரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பார்த் தமது முதுமையில் அதனைத் தம் குற்றமாக ஒப்புக்கொண்டார்.

பொன்ஹோபர் அறிஞர், பிரபுத்துவச் சாயலுள்ள குடும்பத்தவர். எனக்கு அவரினும் நெருக்கமாகத் தோன்றுபவர் ஒஸ்திரிய விவசாயி பிரான்ஸ் யேகர்ஸ்ரெற்றர். சங்க்ற் றாடெகுண்ட் என்னும் சிற்றூரவர்; ஆலயப் பணியாளர்; மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் உடையவர். 1938 இல் ஒஸ்திரியாவை ஜேர்மனியுடன் இணைத்ததற்கான வாக்கெடுப்பில் அவ்வூரில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. 1943 இற் படைக்கு அழைக்கப்பட்டபோது ஆயுதமேந்த மறுத்தார். அதற்கு முன் அவர் செய்ய வேண்டியதைச் செய்திருந்தார்: தமது மறைமாவட்ட ஆயரிடம் சென்று கேட்டார். குடும்பத்தை நினை, போர் நீதியானதா எனத் தீர்மானிப்பது உன் போன்றோர் பொறுப்பன்று என்பதே அவர் பெற்ற புத்திமதி. ஆயர் தீயவரல்லர், அந்த விவசாயியின் உயிரைக் காக்க விரும்பியவராகவே இருக்கலாம். ஆயினும் அன்று அவ்வறையிற் கடவுளை நம்பியவர் யார்? 1943 ஓகஸ்ட் 9 இற் பிரண்டன்பேர்க் சிறையில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. போர் முடிந்த பின்னும் ஊரார் பலர் அவரை மெச்சவில்லை. குடும்பத்தைக் கைவிட்டவர் என்றனர். போர்விதவைக்குரிய உதவித்தொகை அவர் மனைவி பிரான்சிஸ்காவுக்குத் தொடக்கத்தில் மறுக்கப்பட்டது. 2007 ஒக்டோபரில், அதே லின்ஸ் நகரின் பேராலயத்தில், திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவர் எனப் பிரகடனஞ் செய்தது. தொண்ணூறைக் கடந்த பிரான்சிஸ்கா அங்கிருந்தார்.

தென்னாபிரிக்காவைப் பற்றி விரித்தெழுதத் தேவையில்லை. 1857 இலே, சிலரின் பலவீனத்துக்கு இரங்கி வெள்ளையரும் கறுப்பரும் வெவ்வேறாக வழிபட இடங்கொடுத்த டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை, ஒரு நூற்றாண்டின் பின் அப்பிரிவினையை வேதத்தின் கட்டளையென்றது. 1985 உயிர்த்த ஞாயிறு விழாவில் நாட்டின் அதிபர் பி. டபிள்யூ. போத்தா கறுப்பின மக்களின் பெருஞ்சபையான சீயோன் கிறிஸ்தவ சபையின் மோரியா தலத்துக்குச் சென்று வாசித்துக் காட்டிய பகுதி எதுவென வாசகர் ஊகித்திருப்பர்: உரோமர் 13. அவ்வாண்டு செப்டெம்பரில் வெளிவந்த கைறோஸ் ஆவணம் இதற்கு 'அரச இறையியல்' எனப் பெயரிட்டு அதனைக் கிழித்துக் காட்டியது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு ஒட்டாவாவிற் கூடி, நிறவெறிக்கு இறையியல் நியாயம் கற்பித்தலைப் பேதகம் எனத் தீர்த்திருந்தது. பேதகம் என்பதைக் கவனிக்க. அரசியற் பிழையென்று கூறி அமையவில்லை, விசுவாசத் துரோகமென்றது.

இவையெல்லாம் தூரதேசத்துக் கதைகள் என்பாருக்கு எமது யாழ்ப்பாணத்தைக் காட்டலாம். 1658 இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். அவர்களும் கிறிஸ்தவர்களே, சீர்திருத்த சபையினர். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்றது அரசாணை. மணப்பதிவுக்கும் உத்தியோகத்துக்கும் சீர்திருத்த சபையின் ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. உத்தியோகத்துக்காக ஞானஸ்நானம் பெற்று வீட்டிலே திருநீறு பூசியவர்களை வரலாற்றாசிரியர் 'அரசாங்கக் கிறிஸ்தவர்' என்பர். ஆங்கிலேயர் வந்து கட்டாயம் நீங்கியதும் அவர்கள் கூட்டம் கரைந்துபோயிற்று. அதிகாரத்துக்கு அடங்கிய மதத்துக்கு அதிகாரம் இருக்கும்வரையே ஆயுள்.

அத்தகைய காலத்தில், 1687 இல், கோவையிலிருந்து யோசப் வாஸ் முனிவர் கூலியாள் வேடத்தில் இக்கரை சேர்ந்தார். கழுத்திற் செபமாலையை அணிந்து பிச்சையெடுப்பவர்போற் சென்று, அதனை உற்று நோக்குவோரைக் கொண்டே மறைந்திருந்த கத்தோலிக்கரை அடையாளங் கண்டாரென்பர். சில்லாலைக் கிராமம் அவருக்கு இடந்தந்தது. இரவிலே பூசை, விடியுமுன் வேறூர். 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்து வீடுகளிற் புகுந்து கூடியிருந்தோரைச் சிறைப்பிடித்தனர். முனிவர் தப்பிப் புத்தளம் சென்று பின் கண்டியை அடைந்தார். ஒற்றனெனச் சந்தேகிக்கப்பட்டு அங்கும் சிறையிருந்தார். எனினும் அவருக்கு இறுதியிற் சுதந்திரமளித்தவன் பௌத்தனான இரண்டாம் விமலதர்மசூரியன். கிறிஸ்தவ அரசு வேட்டையாடியது, பௌத்த அரசு நிழல் தந்தது. அதிகாரமனைத்தும் கடவுளிடமிருந்தென்று கண்ணைமூடி ஓதுவோர் இவ்விரண்டில் எது கடவுளின் ஊழியன் எனக் கூறட்டும்.

2015 சனவரி 14 இற் காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் யோசப் வாஸ் முனிவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். நாடு முழுவதும் கொண்டாடிற்று. கொண்டாடப்பட்டவர் நாட்டுச் சட்டத்தை இருபதாண்டுகளுக்கு மேலாக மீறியவர். அவருக்குக் கஞ்சி கொடுத்த ஒவ்வொரு வீடும் உயிர்த்தண்டனைக்குரிய குற்றம் புரிந்த வீடு. சட்டவிரோதியை பீடத்திலேற்றிவிட்டு, பீடத்தின் கீழே நின்று சட்டத்துக்கு அடங்குமாறு பிரசங்கிப்பது எவ்வாறு கூடும்?

சபைக்குள்ளே வழங்கும் அதிகாரத்தைப் பற்றியும் ஓரிரு வார்த்தை. புதிய சபைகள் சிலவற்றிற் காணிக்கைக் கணக்குக் கேட்ட இளைஞரை நோக்கி, அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே என்று சங்கீதம் 105 ஐ எடுத்து வீசுவதைக் கேட்டிருக்கின்றேன். அச்சங்கீதத்தைத் திறந்து பார்த்தவர் எத்தனைபேர்? நாடற்றவராய், எண்ணிக்கையிற் சிலராய், இராச்சியம் விட்டு இராச்சியம் அலைந்த ஆபிரகாமின் குடும்பத்தைத் தொடவேண்டாமெனக் கடவுள் அரசர்களைக் கடிந்துகொண்டார் என்பதே அங்குள்ள செய்தி. அரசருக்கு இடப்பட்ட தடையை அகதிகள் மேல் திருப்பிவிட்டனர்! அடிவாங்கி வந்த மனைவியைக் கணவனுக்கு அடங்கு எனத் திருப்பியனுப்பும் போதகரும், அவ்வசனத்துக்கு முந்திய வசனம் ஒருவர்க்கொருவர் அடங்குமாறு இருபாலாருக்கும் கூறுவதை வாசிப்பதில்லை. கத்தோலிக்க சபையில், திஸ்ஸ பாலசூரிய அடிகள் 1990 இல் மரியாளும் மனித விடுதலையும் பற்றி எழுதிய நூலுக்காக 1997 சனவரியில் சபைநீக்கஞ் செய்யப்பட்டார். ஓராண்டில் அது நீக்கப்பட்டது. அந்நூலின் கருத்துகளெல்லாம் எனக்கு உடன்பாடல்ல. ஆனால் எழுபதைக் கடந்த ஒரு துறவியின் வினாக்களுக்கு வெளியேற்றமே முதல் விடையாக இருந்திருக்க வேண்டியதில்லை.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அது அற்பமானதன்று. ஒவ்வொருவனும் தன் மனச்சாட்சியே கடவுளின் குரலென்று சட்டத்தை மீறப் புறப்பட்டால் நாடு என்னாவது? ஆயுதமேந்திய ஒவ்வொருவரும் தம் பக்கமே நீதி என்றனரே, அதன் விலையை நாம் அறியோமா? அறிவோம், எம்போல் அறிந்தவர் சிலரே. ஆதலால் மீறுதலுக்கு ஒரு வரம்பு உண்டு. எகிப்திலே ஆண் சிசுக்களைக் கொல்லுமாறு பார்வோன் இட்ட கட்டளையை மீறிய மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் எவரையும் கொல்லவில்லை; கொல்ல மறுத்தனர். தாவீது சவுலின் உயிரைத் தொடவில்லை. ஆனால் அவன் கையிற் சிக்கவும் இல்லை, குகையிலிருந்து வெளிவந்து அவன் முகத்துக்கு நேரே நியாயங் கேட்டான். யேகர்ஸ்ரெற்றர் தமது மறுப்பின் விலையைப் பிறர் தலையில் வைக்கவில்லை. தண்டனையைத் தாமே ஏற்று, பிறர்க்குத் தீங்கு செய்யாது, வெளிப்படையாக மறுப்பவர் சட்டத்தின் ஆட்சியை அழிப்பவரல்லர். கட்டளை என்பதற்காகச் செய்தேன் என்று கூறுவோரே அதனை அழித்தோர். நியூரம்பேர்க் நீதிமன்றம் கேட்டுச் சலித்த வாக்கியம் அது.

கேள்வி எமக்கு ஏட்டுக் கேள்வியன்று. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலே தொடங்கி வடக்குக் கிழக்கெங்கும் பரவிய காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்திற் கிறிஸ்தவத் தாய்மாரும் அமர்ந்தனர். அவர்களுள் ஒருவரிடம், அரசாங்கத்துக்கு விரோதமாய்த் தெருவில் இருப்பது விசுவாசக் குறைவு, ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ அம்மா என்று ஊழியர் ஒருவர் கூறியதை நான் அறிவேன். அந்தத் தாய் தினமும் செபமாலை சொல்லிக்கொண்டே அங்கிருந்தவர். மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு விடை வரும் வரை எழுந்திரேன் என்பது நம்பிக்கைக் குறைவா? வேதநூலில் அநீதியுள்ள நியாயாதிபதியை ஓயாது தொந்தரவு செய்து நியாயம் பெற்ற விதவையை இயேசு எடுத்துக்காட்டியது எதற்கு? இடைவிடாத செபத்துக்கு. இத்தாயைக் கண்டிருந்தாற் கடிந்து திருப்பியனுப்பியிருப்பாரோ?

சபைத் தலைவர்கள் எல்லாரும் ஒரே தரத்தினர் என்று கூறுவது நியாயமன்று. 1983 யூலையின் பின், குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, தாம் பிறந்த சிங்கள சமூகத்தின் தார்மீகக் குற்றத்தைத் தம் மேய்ப்புக் கடிதத்தில் வெளிப்படையாக ஏற்றார். யாழ்ப்பாணம் வந்து துயருற்றோரைக் கண்டார். அவ்வாண்டு ஒக்டோபரிலேயே காலமானார். 2011 சனவரியிலே, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசப் தோன்றினார். அரசு அமைத்த ஆணைக்குழு. அழைப்பை அவர் புறக்கணிக்கவில்லை, முறைப்படி சென்றார். கோஷம் எழுப்பவில்லை. கச்சேரிகளின் கணக்கை எடுத்துவைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியின் சனத்தொகை 429,059. 2009 யூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. இரண்டும் அரசாங்கத்தின் இலக்கங்களே. அவர் செய்தது ஒரு கழித்தல் மட்டும். மீதி 146,679 பேருக்கும் என்ன நடந்ததெனக் கேட்டார். அவர் 2021 ஏப்ரல் 1 இல் மறைந்தார். அக்கேள்விக்கு விடை கூறப்படவில்லை.